ரோபோ அல்ட்ராசவுண்ட்: படம் கெட்டால் எங்கே தேடுவது?

ரோபோ கை புரோபை (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கருவித் தலையை) பிடித்துத் தானே ஸ்கேன் செய்யும் அமைப்பில் எந்த மூலையில் பழுது நேர்ந்தாலும் அது கடைசியில் திரையில்தான் வந்து நிற்கும். படம் கறுக்கும், நடுங்கும், கோணலாகும். அதனால் பலரும் முதலில் படத்திலேயே கை வைக்கிறார்கள். கெயினை, அதாவது எதிரொலியின் பெருக்கத்தை, கூட்டுகிறார்கள், வடிகட்டியை மாற்றுகிறார்கள், படத்தை அலசும் நிரலைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை பழுது அங்கே இருப்பது அரிது. தோலும் புரோபும் சேரும் இடம், புரோபும் அதன் பிடியும் சேரும் இடம், ரோபோவின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் சேர வேண்டிய இடம்: இந்த மூன்று மூட்டுகளில்தான் பெரும்பாலும் அது ஒளிந்திருக்கிறது. ஆகவே தோலிலிருந்து தொடங்கி உள்நோக்கித் தேடுங்கள். நிரலைக் கடைசியில் திறக்கலாம்.

அதற்கும் முன்னால் ஒரு கட்டாயம். ஐயம் எழுந்த உடனே புரோபை நோயாளியின் உடலிலிருந்து எடுத்துவிட வேண்டும். கீழே உள்ள சோதனைகளில் பெரும்பாலானவற்றைக் காற்றிலோ, தண்ணீர்த் தொட்டியிலோ, ஃபேன்டம் எனப்படும் செயற்கைத் திசுக் கட்டியிலோ செய்ய முடியும். நோயாளி தேவைப்படும் ஓரிரு இடங்களில் கையால் பிடித்த புரோபே போதும். ஒருவரைப் படுக்க வைத்துக்கொண்டே "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று ரோபோவின் அளவுகளை மாற்றிப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியாது.

படம் முழுக்கக் கறுப்பு, மேல்விளிம்பில் மட்டும் இணைகோடுகள்

இது காற்று. மென்திசுவுக்கும் காற்றுக்கும் இடையே ஒலிமறுப்பில் (ஒலி பரவ ஊடகம் காட்டும் எதிர்ப்பில்) உள்ள வேறுபாடு மிகப் பெரியது. நடுவில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலே போதும், அனுப்பிய ஒலியில் 99 விழுக்காட்டுக்கு மேல் திரும்பிவிடும். திரும்பிய ஒலி புரோபின் முகத்தில் உள்ள அடுக்குகளுக்குள்ளேயே மோதி மோதிச் சம இடைவெளிக் கோடுகளாகத் தெரிகிறது. ஒப்பிட்டுப் பார்க்க எளிய வழி உண்டு. புரோபைத் துடைத்து, காற்றில் பிடித்து, அந்தப் படத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட படமும் அதே போல் இருந்தால் ஒலி உடலுக்குள் போகவே இல்லை.

கையால் ஸ்கேன் செய்பவர் ஜெல் காய்வதை விரலில் உணர்ந்து, யோசிக்காமலே இன்னும் கொஞ்சம் பூசிக்கொள்வார். ரோபோவுக்கு அந்த உணர்வு இல்லை. விசை உணரி 5 நியூட்டன் காட்டுகிறது, கட்டுப்பாட்டு நிரல் தொட்டாயிற்று என்று நம்புகிறது, படமோ கறுப்பாகவே இருக்கிறது. விசை இருந்தால் ஏதோ ஒன்று தொட்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். தொட்டது புரோபின் முகம்தானா என்பது வேறு கேள்வி. பிடியின் விளிம்பு முகத்தைவிடச் சற்று முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால், விலா எலும்பின் மேல் அந்த விளிம்பே அழுத்தும். முகம் காற்றில் தொங்கும். பக்கத்திலிருந்து கண்ணால் பாருங்கள்.

புரோபுக்கு உறை போட்டிருந்தால் உறைக்கு உள்ளேயும் ஜெல் வேண்டும். வெளியே ஏராளமாகப் பூசிவிட்டு உள்ளே மறந்துபோவது அடிக்கடி நடக்கிறது. ரோபோ ஒரே பாதையில் பலமுறை போய்வந்தால் முதல் ஓட்டமே ஜெல்லை ஓரத்துக்குத் தள்ளிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் ஓட்டம் தெளிவு, மூன்றாவது மங்கல் என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆழத்தில் மட்டும் கறுப்பு

மென்திசுவில் ஒலி சென்டிமீட்டருக்கு, மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 0.5 டெசிபெல் இழக்கிறது. 10 செ.மீ. ஆழத்துக்குப் போய்வர 7 மெகாஹெர்ட்ஸில் இழப்பு சுமார் 70 டெசிபெல், 3.5 மெகாஹெர்ட்ஸில் 35. முந்தைய வேலைக்கு வைத்த அதிர்வெண் அப்படியே நின்றுவிட்டதா என்று முதலில் பாருங்கள். கொழுப்பு அதிகமுள்ள வயிற்றில் மனிதக் கை தன்னையறியாமல் கூடுதலாக அழுத்தும். ரோபோ கொடுத்த எண்ணோடு நின்றுவிடும். அதற்காக விசை வரம்பை உயர்த்தத் தோன்றும். உயர்த்தாதீர்கள். அதிர்வெண்ணைக் குறையுங்கள், வேறு இடுக்கு வழியாகப் பாருங்கள். அதிலும் தெரியவில்லை என்றால் அந்த நோயாளிக்குக் கையால் ஸ்கேன் செய்ய ஆளை அழையுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கறுப்பு, அல்லது நெடுக்குவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை

இங்கே ஒரே கேள்விதான் பிரிவினை செய்கிறது: புரோபை நகர்த்தினால் கறுப்பு எதோடு போகிறது? கையால் பிடித்துச் சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள்.

கறுப்பு உடலோடு ஒட்டி நின்றால், அதாவது படத்தில் எதிர்ப்பக்கம் நகர்ந்தால், அது நிழல். விலா எலும்பு, குடல் வாயு, பித்தப்பைக் கல் எதுவாகவும் இருக்கலாம். அமைப்பில் குறை இல்லை, பாதையை மாற்ற வேண்டும்.

புரோபைச் சற்றுச் சாய்த்ததும் கறுப்பு சுருங்கினாலோ மறைந்தாலோ, புரோப் தோலுக்குச் செங்குத்தாக இல்லை. ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டிருக்கிறது. கேமரா தரும் புள்ளித்திரளிலிருந்து (உடற்பரப்பின் முப்பரிமாணப் புள்ளிகளின் தொகுப்பிலிருந்து) செங்குத்துத் திசையைக் கணிக்கும் அமைப்புகளில் இது சகஜம். கேமரா பார்த்தது அழுத்தப்படாத தோல். புரோப் அமுங்கிய பிறகு அதே இடத்தின் சாய்வு வேறு. இதைப் படத்திலிருந்தே திருத்தலாம். ஒவ்வொரு படப்புள்ளியையும் எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பிடும் நம்பக வரைபட முறை 2012இல் வெளியானது. அந்த வரைபடத்தின் இடம்வல நிறைச்சமநிலையைப் பார்த்து, குறைந்த பக்கம் நோக்கி ரோபோ புரோபைச் சாய்க்கலாம். ஆனால் மேலே சொன்ன விலா நிழலையும் அது தொடுதல் குறையாக எண்ணி, வீணாகச் சாய்த்துக்கொண்டே போகும். சாய்வுக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது அவசியம்.

எங்கே வைத்தாலும் எப்படிச் சாய்த்தாலும் பட்டை திரையில் அதே இடத்தில் நின்றால் புரோபே குற்றவாளி. காற்றில் பிடித்து முகத்தை உலர்த்தி, மேல்விளிம்புக் கோடுகளைப் பாருங்கள். பட்டை இருந்த இடத்தில் கோடுகள் அறுந்திருந்தால் அங்கே ஒலியை எழுப்பும் படிகங்கள் செத்துவிட்டன, அல்லது முகத்திலுள்ள லென்சு பிரிந்துவிட்டது. உறுதிப்படுத்த, ஒரு காகிதக் கவ்வியின் வளைவை முகத்தின் மேல் மெல்ல இழுத்துச் செல்லுங்கள். கூடவே ஓடிவரும் வெளிச்சம் செத்த இடத்தில் அணையும். அந்தப் புரோபை ஓரம் வையுங்கள். மென்பொருளால் அதை மறைக்க முயலாதீர்கள்.

தொட்டதும் கை நடுங்குகிறது

முதலில் இது எந்த வகை நடுக்கம் என்று பாருங்கள். மென்மையான ஃபேன்டத்தில் ஒருமுறையும், அதன்கீழ் மரப்பலகை வைத்து ஒருமுறையும் தொடவிடுங்கள். பரப்பு மாறியதும் நடுக்கத்தின் வேகம் மாறினால் விசைக் கட்டுப்பாடு அலைபாய்கிறது. மாறவில்லை என்றால் மோட்டார், பற்சக்கரம், அல்லது தளர்ந்த பிடி.

கட்டுப்பாடு அலைபாய்வதற்கு மூல காரணம் எளியது. தொப்புள் பக்கத்தில் 2 மில்லிமீட்டர் உள்ளே போனால் விசை கொஞ்சம்தான் ஏறும். விலாவின் மேல் அதே 2 மில்லிமீட்டர் பல மடங்கு விசை தரும். மென்மையான கட்டியில் துல்லியமாகச் சரிசெய்த அளவுகள் எலும்பின் மேல் வந்ததும் வெறிகொண்டு ஆடுவது இதனால்தான். ஆகவே ரோபோ தொடப்போகும் பரப்புகளில் மிகக் கடினமானதன் மேல்தான் அளவுகளைச் சரிசெய்ய வேண்டும். வயிற்றில் அது மந்தமாக இருக்கும், இருக்கட்டும்.

அடுத்து தாமதம். ஃபிராங்கா நிறுவனத்தின் ரோபோ கைகள் நொடிக்கு 1000 முறை கட்டளை ஏற்கின்றன. யுனிவர்சல் ரோபாட்ஸின் இ-வரிசை 500 முறை, அதற்கு முந்தைய தலைமுறை 125 முறை. எந்தக் கையாக இருந்தாலும் விசைச் சுற்றுக்குள் (விசையை அளந்து கையைத் திருத்தும் இடைவிடாத சுழற்சிக்குள்) படக் கணிப்பைச் செருகினால் கெட்டது. நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் 40 மில்லிநொடி காத்திருப்பு. விசையை வேகமான உட்சுற்றும், படத்தை மெதுவான வெளிச்சுற்றும் கவனிக்கட்டும்.

பலர் தவறவிடும் ஒன்று: உணரியின் இரைச்சலை அடக்கப் போட்ட வடிகட்டியே நடுக்கத்துக்குக் காரணமாகலாம். வடிகட்டி ஒவ்வொன்றும் தாமதத்தைக் கூட்டுகிறது. எண்கள் ஆடுகின்றன என்று வடிகட்டலை இறுக்க இறுக்க, கை இன்னும் மோசமாக ஆடும். இந்தச் சுழலில் நான் இரண்டு நாள் சிக்கியிருக்கிறேன். வடிகட்டியைத் தளர்த்தி, கையின் ஆட்டத்தை அடக்கும் தணிப்பைக் கூட்டி, தோலை நெருங்கும் வேகத்தைக் குறைத்ததும் நின்றது.

விசை எண் நம்பும்படியாக இல்லை

புரோபைக் காற்றில் வைத்து, கீழ்நோக்கி, மேல்நோக்கி, நான்கு பக்கமும் என ஆறு நிலைகளில் நிறுத்துங்கள். ஆறிலும் விசை சுழிக்கு அருகில் இருக்க வேண்டும். 300 கிராம் எடையுள்ள புரோபும் பிடியும் சேர்ந்து ஏறக்குறைய 3 நியூட்டன். அந்த எடையும் அதன் மையமும் மென்பொருளில் தவறாக இருந்தால், நீங்கள் கேட்டது 5 நியூட்டன், நோயாளி மேல் விழுவதோ 2 முதல் 8 வரை எதுவாகவும் இருக்கலாம். கீழ்நோக்கிய நிலையில் மட்டும் சரியாக இருந்து, விலாப்புறம் சாய்ந்ததும் கெடுகிறது என்றால் இதுவே.

ஆறு நிலையிலும் சரி, ஆனால் நகரும்போது தவறு என்றால் கேபிளைப் பாருங்கள். ஸ்கேனர் கேபிள் தடித்தது, முறுக்கை எதிர்ப்பது. அதன் இழுப்பை உணரி தோலின் விசை என்றே எண்ணும். கேபிளைக் கையின் உடலோடு சேர்த்துக் கட்டி, கடைசி மணிக்கட்டில் தாராளமான தொங்கல் விடுங்கள். காலையில் சரி, மதியம் தவறு என்றால் வெப்பத்தால் வரும் நகர்வு. இயந்திரம் சூடேற நேரம் கொடுத்து, ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் காற்றில் சுழியாக்குங்கள். தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது சுழியாக்குவது ஆபத்து: அப்போதுள்ள அழுத்தம் கணக்கிலிருந்தே மறைந்துவிடும், ரோபோ அதன்மேல் இன்னொரு 5 நியூட்டன் சேர்க்கும்.

கடைசியாக ஒரு நேரடிச் சோதனை. ஒரு தராசின் மேல் புரோபை 5 நியூட்டனுக்கு அழுத்தச் சொல்லுங்கள். தராசு ஏறக்குறைய 510 கிராம் காட்ட வேண்டும். மென்பொருள் காட்டும் எண்ணைவிட இந்தத் தராசை நான் நம்புகிறேன்.

தமனி தெரிகிறது, சிரை தெரியவில்லை

விசை அதிகம். சிரைக்குள் அழுத்தம் குறைவு. கழுத்துச் சிரை போன்றவை லேசான அழுத்தத்திலேயே மூடிக்கொள்ளும். விசையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் திறக்கும். அங்கே கெட்டியாகப் பூசிய ஜெல்லின் மேல் புரோப் மிதந்தாற்போல் நகர வேண்டும். இரத்தக்குழாயின் விட்டத்தை அளக்கும் எந்த ஓட்டத்திலும் அப்போதிருந்த விசையைப் படத்தோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்த அளவுக்குப் பொருள் இல்லை.

முப்பரிமாணப் படம் கோணல்

இங்கேதான் அதிக நேரம் வீணாகிறது. வெவ்வேறு காரணங்கள் ஒரே மாதிரித் தோற்றம் தருவதால் ஆட்கள் அளவுத்திருத்தத்தையே (படப்புள்ளி ஒவ்வொன்றும் ரோபோவின் கணக்கில் எங்கே என்று பொருத்தும் வேலையையே) திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். கோணலின் வகையைப் பார்த்துப் பிரியுங்கள்.

போகும் ஓட்டத்திலும் திரும்பும் ஓட்டத்திலும் ஒரே உறுப்பு வெவ்வேறு இடத்தில் விழுகிறதா? கடிகாரங்கள் பொருந்தவில்லை. படம் ஸ்கேனரிலிருந்து கணினிக்கு வந்து சேர்வதற்குள் ரோபோ நகர்ந்துவிடுகிறது. 100 மில்லிநொடித் தாமதமும் நொடிக்கு 20 மில்லிமீட்டர் வேகமும் இருந்தால், ஒவ்வொரு ஓட்டமும் எதிரெதிர்த் திசையில் 2 மில்லிமீட்டர் விலகும். இரண்டுக்கும் இடையே 4. திருப்பிக் கணக்கிட, விலகலை வேகத்தின் இரட்டிப்பால் வகுத்தால் தாமதம் வந்துவிடும். ஆனால் வேகத்தை இரட்டித்து இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். விலகலும் இரட்டித்தால் கடிகாரம்தான். அப்படியே நின்றால் தோல் புரோபோடு சேர்ந்து இழுபடுகிறது, அல்லது பிடி ஆடுகிறது. தோலில்லாத தண்ணீர்த் தொட்டியில் ஓட்டினால் அந்த இரண்டில் எது என்றும் தெரிந்துவிடும்.

நீளமான பாதையில் கல்லீரலின் விளிம்பு அலை அலையாகத் தெரிகிறதா? அலைகளை எண்ணுங்கள். ஓய்வில் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்; ஒவ்வொரு மூச்சிலும் கல்லீரல் மேலும் கீழுமாக ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகரலாம். 20 செ.மீ. பாதையை 10 நொடியில் கடந்தால் இரண்டு மூன்று அலை வரும். எண்ணிக்கை பொருந்தினால் அளவுத்திருத்தத்தைத் தொடவே வேண்டாம். மூச்சைப் பிடிக்கச் சொல்லலாம், முடியாதவருக்கு மூச்சின் ஒரே கட்டத்தில் எடுத்த பிரேம்களை மட்டும் சேர்க்கலாம்.

எல்லாமே ஆழத்திசையில் ஒரே விகிதத்தில் நீண்டோ குறுகியோ இருக்கிறதா? ஸ்கேனர் ஒலியின் வேகத்தை நொடிக்கு 1540 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் தண்ணீர்த் தொட்டியில் 20 டிகிரியில் அது 1482தான். எனவே அளவுத்திருத்தத்துக்காக 10 செ.மீ. ஆழத்தில் கட்டிய நூல் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கூடுதல் ஆழத்தில் தெரியும். அந்தத் தவறு அளவுத்திருத்தத்துக்குள் பதிந்து, பிறகு எல்லா நோயாளிக்கும் போய்ச் சேரும். சுமார் 50 டிகிரியில் தண்ணீரின் வேகம் 1540ஐத் தொடும் என்றாலும் பல புரோபுகள் அந்தச் சூட்டை ஏற்கா. தண்ணீரின் வெப்பநிலையை அளந்து கணக்கில் திருத்துவதே நல்லது. நேற்றுவரை சரியாக இருந்து இன்று திடீரென்று எல்லாம் ஒன்றரை மடங்கானால் காரணம் வேறு: யாரோ ஸ்கேனரில் ஆழத்தை மாற்றியிருக்கிறார்கள். திரையைப் படமெடுத்துத் தரும் அட்டை வழியாகப் படம் வாங்கும் அமைப்புக்கு ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர் என்பது தானாகத் தெரியாது.

இடம் வலம் மாறியிருந்தால் புரோபின் பக்கத்திலுள்ள குறியீட்டு மேடு பிடியில் எதிர்ப்பக்கம் போயிருக்கிறது, அல்லது ஸ்கேனரில் யாரோ படத்தைத் திருப்பியிருக்கிறார்கள். இது சிறிய தவறாகத் தோன்றும். எந்தச் சிறுநீரகம் என்ற கேள்வி வரும்போது சிறியதல்ல. ஒவ்வொரு நாளும் முதல் ஓட்டத்துக்கு முன் புரோபின் ஒரு முனையை விரலால் தொட்டு, திரையில் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள்.

ஒவ்வொரு முறை புரோபைக் கழற்றி மாட்டியதும் முடிவு மாறினால் பிடியே காரணம். 10 செ.மீ. ஆழத்தில் ஒரு டிகிரித் திருகல் 1.75 மில்லிமீட்டராகும். முப்பரிமாண அச்சில் வார்த்த பிஎல்ஏ பிளாஸ்டிக் பிடி தொடர்ந்த இறுக்கத்திலும் சூட்டிலும் மெல்ல நெகிழ்ந்துவிடும். புரோபுக்கும் பிடிக்கும் குறுக்காக மெல்லிய கோடு ஒன்று வரைந்து வைத்தால் நழுவலைக் கண்ணே காட்டிக்கொடுக்கும்.

மின்மினிப் புள்ளிகள், சாய்ந்த கோடுகள்

புரோபைக் காற்றில் வைத்து, ரோபோவின் மோட்டார் மின்சாரத்தை நிறுத்தியும் போட்டும் பாருங்கள். போடும்போது மட்டும் வந்தால் மோட்டார் இயக்கிகளின் மின்காந்தக் குறுக்கீடு. புரோப் கேபிளை மோட்டார் கேபிளிலிருந்து விலக்குங்கள். நிலத்தொடர்பைச் சரிபார்க்கும் வேலையை மருத்துவ மின்சாதனப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் விடுங்கள். நிலக்கம்பியைக் கழற்றிப் பார்த்தால் போகிறதா என்ற சோதனையை யாரும் செய்யக் கூடாது.

புரோப் சூடாகிறது

ரோபோ அடுத்த இடத்துக்குப் போகும் நேரத்திலும் நோயாளிக்காகக் காத்திருக்கும் நேரத்திலும் புரோப் காற்றில் ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தால், சூட்டை வாங்கிக்கொள்ள உடல் இல்லாததால் முகம் சூடேறும். ஐஇசி 60601-2-37 தரநிலையின்படி தோலைத் தொடும் முகம் 43 டிகிரியைத் தாண்டக் கூடாது. தொடுதல் விட்டதும் ஸ்கேனர் தானாக ஒலி அனுப்புவதை நிறுத்திப் படத்தை உறைய வைக்குமாறு அமையுங்கள்.

பாதையின் நடுவில் கை நின்றுவிடுகிறது

பதிவேட்டைத் திறந்து நின்ற இடத்தைப் பாருங்கள். எப்போதும் அதே இடம் என்றால் ஒரு மூட்டு தன் எல்லையைத் தொடுகிறது, அல்லது இரண்டு மூட்டுகளின் அச்சுகள் ஒரே கோட்டில் வந்து கை திசை தெரியாமல் திணறுகிறது. படுக்கையை நகர்த்துவதோ, புரோபைப் பிடியில் 90 டிகிரி திருப்பி மாட்டி அளவுத்திருத்தத்தைப் புதிதாகச் செய்வதோ நிரலை மாற்றுவதைவிட விரைவான தீர்வு. இடம் மாறி மாறி நின்றால் விசை வரம்பு, அல்லது கேமராவின் புள்ளித்திரளில் ஓட்டை. ஈரமான ஜெல்லின் பளபளப்பில் ஆழக் கேமரா குருடாகும். ஆகவே ஜெல் பூசுவதற்கு முன்பே உடலின் வடிவத்தை எடுத்துவிடுங்கள்.

ஆனால் ஏன் நின்றது என்பதைவிட எப்படி நின்றது என்பதே என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. பல கைகள் பாதுகாப்பு நிறுத்தத்தில் பிரேக்கைப் பூட்டி அதே இடத்தில் உறைந்துவிடுகின்றன. தொழிற்கூடத்தில் அது சரி. மார்பின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும்போது உறைந்தால், நோயாளி மூச்சை இழுக்க இழுக்க மார்பு உயரும், புரோப் விலகாது, விசை ஏறும். 2016இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற ரோபோ பாதுகாப்பு ஆவணம் தரும் விசை வரம்புகளும் ரோபோவின் அருகே வேலை செய்யும் தொழிலாளரை மனத்தில் வைத்தவை. அறுவைத் தையல் ஆறாதவருக்கோ கர்ப்பிணிக்கோ எழுதப்பட்டவை அல்ல.

எனவே இதை ஃபேன்டத்தில் சோதியுங்கள். கை 5 நியூட்டனில் அழுத்திக்கொண்டிருக்கும்போது அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்துங்கள். ஃபேன்டத்தின் அடியில் ஒரு மெல்லிய பலகையைச் செருகி மார்பு உயர்வது போல் அதை ஒரு சென்டிமீட்டர் உயர்த்துங்கள். விசை எங்கே போகிறது என்று தராசிலோ தனி உணரியிலோ படியுங்கள். மென்பொருள் தரும் நிறுத்தங்கள் அனைத்திலும் புரோப் தன் அச்சின் வழியே பின்வாங்க வேண்டும். மின்சாரமே போன நிலையில் ஒரே ஆள் ஒரு கையால் அதைத் தள்ளி விலக்க முடிய வேண்டும். முடியாத கை என்றால், புரோப்-பிடியில் விரைவாகக் கழலும் பூட்டு வேண்டும். அந்தப் பூட்டைக் கையுறை அணிந்து, கையில் ஜெல் வழுக்கும் நிலையில் திறந்து பாருங்கள். அப்படித் திறக்காத பூட்டோடு ஒருவரையும் அந்தப் படுக்கையில் படுக்க வைக்காதீர்கள்.